ஐங்கலவையில் தூண் விழுந்த வரலாறு

மனித குலம் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்ளப் பல லட்சம் ஆண்டுகள் ஆயின. அந்தத் தவறைத் திருத்தும் மகத்தான பணி ஒரு மெத்தைக் கம்பெனியின் இரண்டாவது மாடியில், சரக்கு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள கூடத்தில் தொடங்கியது என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும்.

அந்தப் பணியின் பெயர் 'ஐங்கலவை'. உலகத்துத் தற்காப்புக் கலைகளை எல்லாம் பிழிந்து, சக்கையை எறிந்துவிட்டு, சாற்றை மட்டும் சேர்த்துச் செய்தது என்று மாஸ்டர் சொல்வார். குத்துச்சண்டையிலிருந்து குத்து. மல்யுத்தத்திலிருந்து பிடி. கராத்தேயிலிருந்து உதை. ஜூடோவிலிருந்து எறிதல். ஐந்தாவது எந்த நாட்டுக் கலையிலும் இல்லாதது: மரியாதை. அது கம்பெனி மேலாளரின் சொந்தப் பங்களிப்பு.

பாடம் ஐந்தாவதிலிருந்து தொடங்கும். அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும் அல்லவா. பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் நான்காவதற்கு யாரும் வந்து சேரவில்லை. அவ்வளவு ஆழமான பாடம்.

மேலாளர் குள்ளமானவர். 'தலைமைக்கும் உண்டு தசை' என்ற கருத்தரங்குக்குப் போனவர், திரும்பும்போது கறுப்பு பெல்ட்டோடு வந்தார். பெல்ட்டைக் கொடுத்தது யார் என்று கேட்டவர்களுக்கு, தகுதியுள்ள வேறு ஆள் கிடைக்காததால் தானே தனக்கு வழங்கிக்கொண்டதாக அடக்கத்துடன் விளக்கினார். மாஸ்டரை அந்தக் கருத்தரங்கின் வாசலில்தான் கண்டெடுத்தார். மாஸ்டர் அதுவரை உடற்பயிற்சி இயந்திரங்கள் விற்றுக்கொண்டிருந்தவர். அவற்றில் ஒன்றில்கூட ஏறியதில்லை என்பதால் மூட்டுகள் தேயாமல் இருந்தன.

உடலைத் தயார்ப்படுத்தும் முறைகள் கடுமையானவை. கழுத்துக்குத் தினமும் மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி. பக்கவாட்டில் அசைப்பது தடை செய்யப்பட்டிருந்தது. நரம்பு பிசகிவிடும் என்றார் மாஸ்டர். நுரையீரலுக்கு, மேலாளர் பேசி முடிக்கும்வரை மூச்சை அடக்குதல். இதில் தையல் பிரிவில் இருவர் மயங்கி, மயங்கியதற்காகவே மஞ்சள் பெல்ட் பெற்றார்கள். தொடைக்கு, மேலாளரின் காரைத் தள்ளுதல். கார் நன்றாக ஓடும் நிலையில்தான் இருந்தது. மேலாளர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்வார். அதனால்தான் அது பயிற்சி.

இவை எல்லாம் ஒரே ஓர் உச்சத்துக்கான படிகள். அந்த உச்சத்தின் பெயர் 'தொடாத தள்ளு'. மேலாளர் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்குவார். எதிரே நிற்பவர் விழுவார்.

விழுவதற்கும் இலக்கணம் உண்டு. மேலாளரை நோக்கிக் கால் நீட்டி விழுவது அவமரியாதை. ஆகவே தலை அவர் பக்கம் வரும்படி, முன்பக்கமாகத்தான் விழ வேண்டும். அவர் 'எழு' என்று வாய் திறந்து சொல்லும்வரை கிடக்க வேண்டும். கீழே இரண்டாம் தர மெத்தைகள் விரித்திருக்கும். கம்பெனியில் விற்காத சரக்குக்கு இப்படி ஒரு பயன் கிடைத்ததை மேலாளர் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டார்.

எல்லாரும் விழுந்தார்கள். ஒருவரைத் தவிர.

அவர் சரக்கு அனுப்பும் பிரிவில் தற்காலிகப் பணியாளர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற கனம். பல ஆண்டுகளாக முதுகில் இரட்டை மெத்தைகளைச் சுமந்து மாடிப்படி ஏறி இறங்கியவர். 'தூண்' என்று கூப்பிடுவார்கள். அவருடைய கால்களுக்கு ஐங்கலவையின் ஞானம் எட்டவில்லை.

முதல் முறை மேலாளர் கையைத் தூக்கியபோது, தூண் அந்தக் கையை ஆர்வத்தோடு பார்த்தார். அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"என்ன, விழலையா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். நீங்க இன்னும் ஆரம்பிக்கலைன்னு நெனைச்சேன்."

"ஆரம்பிச்சு முடிச்சாச்சு."

"அப்படிங்களா சார். திரும்ப ஒருதடவை காட்டுங்க, கவனமா பாக்குறேன்."

மேலாளர் மீண்டும் கையைத் தூக்கினார். பிறகு, அறிவியல் நோக்கில், இரண்டு கையாலும் தூணின் மார்பைப் பிடித்துத் தள்ளினார். தூண் அப்படியே நின்றார். மேலாளரின் காலுறை தரையில் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. மேலாளரும் கூடவே போனார்.

மாஸ்டர் தூணைச் சுற்றி வந்தார். முழங்காலைத் தட்டினார். காது மடலை இழுத்துப் பார்த்தார்.

"உடம்புல எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி," என்றார். "ரொம்ப நாளா கவனிக்காம விட்டிருக்காங்க."

"மருந்து ஏதாவது இருக்குங்களா மாஸ்டர்?"

"பயிற்சிதான் மருந்து. ஆனா இந்த வயசுல எலும்பு இறுகிப் போயிருக்கும். பாப்போம்."

தூணுக்கு இது விளையாட்டுச் செய்தி இல்லை. அந்த மாதம்தான் மேலாளர் புது விதி கொண்டுவந்திருந்தார். பச்சை பெல்ட் வாங்கிய தற்காலிகப் பணியாளர் மட்டுமே நிரந்தரம் ஆகலாம். வாங்காதவர் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம். கம்பெனியின் முதலாளியம்மா தலைமை அலுவலகத்திலிருந்து வரும் நாளில், அவர் முன்னிலையில் தேர்வு.

சாப்பாட்டு இடைவேளையில் கணக்காளர் தூணின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். ஐங்கலவையில் பழுப்பு பெல்ட். மேலாளரின் கை தோளைத் தாண்டும் முன்னே தரையில் இருக்கும் வேகம் அவருக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

"ஏன்யா, நீ என்ன சுவரா?" என்றார்.

"நான் என்னங்க பண்றது. அவரு தொடவே மாட்டேங்கிறாரு. தொட்டாலும் ஒண்ணும் ஆக மாட்டேங்குது."

"விழ வேண்டியதுதானே."

"எப்படிங்க விழுறது? தள்ளினாத்தானே விழ முடியும்?"

கணக்காளர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது.

"நீ இன்னும் தற்காலிகமா இருக்கிறதுல ஆச்சரியமே இல்ல," என்றார்.

வீட்டில் மனைவி சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். தூண் விஷயத்தைச் சொன்னார். மனைவி முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று தூணுக்குத் தெரியும்.

"கல்யாணத்தப்ப டெம்பரவரி," என்றார் மனைவி. "பொண்ணு பொறந்தப்ப டெம்பரவரி. அவளுக்குப் பால்பல் விழுந்து வேற பல்லும் மொளைச்சாச்சு. வீட்டுல எல்லாம் விழுந்துடுச்சு. நீங்க மட்டும் விழ மாட்டேங்கிறீங்க."

"வேணும்னேவா நிக்கிறேன்? காலு கேக்க மாட்டேங்குதுடி."

"எந்தக் காலு? காட்டுங்க."

அன்றிலிருந்து பயிற்சி வீட்டுக்கு மாறியது. மனைவி கூடத்தில் இரண்டு தலையணைகளைப் போட்டார். அகப்பையோடு எதிரே நின்று கையைத் தூக்கினார். தூண் கண்ணை மூடினார். விழவில்லை. மனைவி அகப்பையால் நெற்றியில் ஒன்று வைத்தார். நெற்றி வீங்கியது, தூண் விழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். காரணம் தெரிந்ததும் தானும் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"ரொம்ப கனம்மா உங்க வீட்டுக்காரரு," என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் இப்படியே போனது. தூண் தலையணையில் உட்காரப் பழகினார், மண்டியிடப் பழகினார், விழ மட்டும் வரவில்லை. தேர்வு நெருங்கிவிட்டது. மனைவி அகப்பையைக் கீழே வைத்தார்.

"கண்ணை மூடுங்க. நல்லா மூடுங்க. இப்ப உங்க மேலாளர் எதிர்ல நிக்கிறாரு. உங்க தோள்ல கை போடுறாரு. போட்டு, 'உங்க விஷயம் என் மனசுல இருக்கு, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்'னு சொல்றாரு."

தூணின் முழங்கால்கள் வெண்ணெயாய் உருகின. பிறகு இடுப்பு. பிறகு முதுகுத்தண்டு, மேலிருந்து கீழாக. அவர் மரம் சாய்வது போல முன்பக்கமாகச் சாய்ந்து, தலையணைகளைத் தாண்டி, அலமாரிக் கதவைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தார்.

மனைவியின் கண் கலங்கியது. "ஆச்சுங்க," என்றார். "கத்துக்கிட்டீங்க."

அதற்குப் பிறகு தூணைப் பிடிக்க முடியவில்லை. திறமை வெள்ளமாய் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் யாரோ வண்டியை நிறுத்தக் கை காட்டினார்; தூண் விழுந்தார். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு கையை உயர்த்தினார். தூண் நாற்காலியோடு விழுந்தார், பாதி வெட்டிய தலையோடு. மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பதில் தெரிந்த பிள்ளைகள் கை தூக்குங்கள் என்றார் ஆசிரியை. வகுப்பே கை தூக்கியது. தூணை எழுப்ப நெடுநேரம் ஆயிற்று. மகளுக்கு மட்டும் பதில் தெரியவில்லை என்பது அந்தக் களேபரத்தில் யாருக்கும் தெரியாமல் போனது. கல்வித் துறைக்கும் ஐங்கலவை ஆற்றிய தொண்டு அது.

தேர்வு நாள் வந்தது.

கூடத்தில் மெத்தைகள் விரிக்கப்பட்டன. மேலாளர் வெள்ளைச் சீருடையில் நின்றார். பணியாளர்கள் அரைவட்டமாக நின்றார்கள். பதவி வரிசைப்படி: கணக்காளர் முதலில், தற்காலிகமான தூண் கடைசியில். முதலாளியம்மா ஒரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறைவாகப் பேசுபவர். பஞ்சு வியாபாரத்தில் தொடங்கி மூன்று தொழிற்சாலை கண்டவர்.

"இது என்ன, டான்ஸா?" என்று மாஸ்டரிடம் கேட்டார்.

"சண்டைங்கம்மா."

"யார் யாரை அடிப்பாங்க?"

"அடிக்கிறதெல்லாம் பழைய முறைங்கம்மா."

மேலாளர் கையைத் தூக்கினார். கணக்காளர் விழுந்தார். அடுத்து கொள்முதல் பிரிவு, அடுத்து தையல், அடுத்து வாசல் காவலர். சீட்டுக்கட்டு சரிவது போல வரிசை அழகாகச் சரிந்தது. எல்லாத் தலைகளும் மேலாளரை நோக்கி இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பூ விரிந்ததுபோல இருந்தது, நடுவில் மேலாளர்.

தூண் மட்டும் பாக்கி. விழாத ஆள் என்று பெயர் எடுத்தவரை விழ வைக்கும் காட்சி புகைப்படத்தில் வர வேண்டும் என்று மேலாளர் விரும்பினார். ஓர் அடி முன்னே வந்தார். இன்னோர் அடி வந்தார். அண்ணாந்து பார்த்தார். கையைத் தூக்கினார்.

தூண் நன்றாகப் பயிற்சி பெற்றிருந்தார். முழங்கால் இளகியது. இடுப்பு இளகியது. கால் மேலாளர் பக்கம் போகக்கூடாது என்பது நினைவிருந்தது. தலையை மரியாதையுடன் அவர் பக்கம் கொடுத்து, முழு நீளத்துக்கும் விழுந்தார்.

சத்தம் கீழ்மாடிவரை கேட்டது. மேலாளர் எங்கும் தெரியவில்லை.

யாரும் அசையவில்லை. 'எழு' என்று மேலாளர் சொல்லும்வரை அசையக்கூடாது. மேலாளர் தூணுக்கு அடியில் இருந்தார். தூணும் அசையவில்லை, தேர்வின் கடைசி நொடியில் ஒழுங்கீனமாக எழுந்து பச்சை பெல்ட்டை இழக்க அவர் தயாராக இல்லை.

"எ..." என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது. "எ..."

"சார் ஏதோ சொல்றாரு," என்றார் வாசல் காவலர், மெத்தையில் முகம் புதைத்தபடி.

"பொறுங்க," என்றார் கணக்காளர், தானும் அப்படியே. "முழு வார்த்தையா வரட்டும்."

முதலாளியம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கப்புறம் என்ன?" என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் மேலாளர் இருந்த பக்கம் கை காட்டினார். முதலாளியம்மா எழுந்து போய், கைப்பையால் தூணின் முதுகில் தட்டி, "எழுந்திருங்க," என்றார். ஐங்கலவையின் வரலாற்றில் தொட்டு ஒருவரை அசைத்தது அதுதான் முதல் முறை.

மேலாளருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் விசாரணை. முதலாளியம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். மேலாளர் கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பக்கம். மாஸ்டர் இன்னொரு பக்கம். நடப்பதைக் குறித்துக்கொள்ளக் கணக்காளர். நடுவில் தூண். வேலை போய்விட்டது என்று அவர் காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மனைவி பதிலுக்கு, "என்ன கேட்டாலும் அவசரப்படாதீங்க, கணக்காளர் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க," என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"மேலாளரைத் தாக்கினதா உங்க மேல புகார்," என்றார் முதலாளியம்மா. "தாக்குனீங்களா?"

"இல்லீங்கம்மா. விழுந்தேன்."

"ஏன் விழுந்தீங்க?"

"சார் கையைத் தூக்கினாரு."

"கை மேல பட்டுச்சா?"

"படலீங்கம்மா."

"அப்ப நீங்களாத்தானே விழுந்திருக்கீங்க. வேணும்னே, அவர் மேல."

மேலாளர் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். கணக்காளர் இருமினார்.

"மேடம், ஒரு சின்ன சிக்கல்," என்றார். "இவரு தானா விழுந்தாருன்னு எழுதினா, மத்தவங்களும் தானாத்தான் விழுந்தாங்கன்னு ஆயிடும்."

மாஸ்டர் தன் காலணியைப் பார்த்தார்.

"நீங்க எப்படி விழுந்தீங்க?" என்று முதலாளியம்மா கணக்காளரைக் கேட்டார்.

"சாரோட சக்தியாலதான் மேடம்."

"இவரு?"

"அதே சக்திதான் மேடம். அதே கை."

மாஸ்டருக்கு உயிர் வந்தது. "இவரு எடைக்கு சார் கொஞ்சம் கூடுதலா சக்தி விட்டிருக்காரும்மா. அது மோதித் திரும்பி சாரையே தாக்கிடுச்சு. பெரிய மேதைகளுக்கு இப்படி நடக்கிறதுண்டு."

மேலாளர் திறந்த வாயை மூடினார். எலும்பா பெல்ட்டா என்று அவர் யோசிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. எலும்பு சேர்ந்துவிடும்.

"என் சக்திதான்," என்றார். "கொஞ்சம் அளவு மீறிட்டேன்."

முதலாளியம்மா தூணைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க. அவரோட சக்திதான் உங்களைத் தள்ளுச்சா?"

தூண் நின்றார். மெத்தைக் கட்டுகளை இத்தனை ஆண்டு தாங்கிய கால்கள் அவை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மாள் கேட்கும் முகத்தோடுதான் இருந்தார். தூண் கணக்காளரின் முகத்தைப் பார்த்தார். கணக்காளரின் கழுத்து மேலும் கீழும் மெல்ல அசைந்தது. தினப் பயிற்சி.

"சாரோட சக்திதாங்கம்மா," என்றார் தூண்.

சொல்லும்போது முழங்கால் லேசாக இளகியதை அவரே உணர்ந்தார். யாரும் கையைத் தூக்கவில்லை.

முதலாளியம்மா மூன்று தொழிற்சாலைகள் நடத்துபவர். இந்த ஒன்றில் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அதைக் கெடுப்பானேன் என்று நினைத்திருக்கலாம்.

"அப்ப இவரு தேர்வுல பாஸ்," என்றார்.

"முதல் வகுப்புல பாஸ்ங்கம்மா," என்றார் மாஸ்டர்.

தூண் நிரந்தரம் ஆனார். பச்சை பெல்ட் அவர் இடுப்புக்குப் போதாமல், இரண்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். மேலாளரின் சக்தி எலும்பையே முறிக்கக்கூடியது என்ற செய்தி பரவியதால், மற்ற இரண்டு தொழிற்சாலைகளிலும் ஐங்கலவை கட்டாயம் ஆனது. மாஸ்டர் அங்கெல்லாம் சுற்றப் போய்விட்டதால், இங்கே புதிதாய் வரும் தற்காலிகப் பணியாளர்களைத் தயார்ப்படுத்தும் பொறுப்பைத் தூணிடம் கொடுத்தார்கள்.

அவர் நல்ல ஆசிரியர். அதட்ட மாட்டார். தானே விழுந்து காட்டுவார்.

ஒரு மத்தியானம் கூடத்தில் புழுக்கம். புதியவர்கள் வரிசையாக நின்றார்கள். விசிறியைப் போடலாம் என்று தூண் சுவர்ப் பக்கம் கையைத் தூக்கினார்.

வரிசை சரிந்தது. எல்லாத் தலைகளும் சரியாக அவர் பக்கம் இருந்தன. ஒரு காலும் பிசகவில்லை. தன்னைப் பார்த்து இத்தனை பேர் விழுவது அவருக்கு இதுதான் முதல்முறை. நெஞ்சு நிறைந்தது. எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றும் தோன்றியது.

அப்போதுதான் பார்த்தார். ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உறை தைக்க அந்த வாரம் வந்தவள். தூக்கினால் ஒரு கையில் வந்துவிடும் எடை. கீழே கிடந்தவர்களைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். அவர் கை காட்டிய திசையைப் பார்த்தாள்.

"ஃபேன் போடணுமா சார்?"

தலைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய், சுவிட்சைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள். காற்று வந்தது.

தூண் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார். நல்ல பெண்ணாகத் தெரிந்தாள். அவருக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

"ஏம்மா," என்றார் உண்மையான அக்கறையோடு, "உடம்புக்கு ஏதாவது முடியலையா?"